வேரில் கட்டிய விரால்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

என் வண்டு,

அம்மா பேராச்சி எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் நம் சுகத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் அவர்கள் சுகத்தைக் கேட்க வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை, அடித்துவிட்டேன். மேலே அடித்தல் கிடக்கிறதே என்று நினைக்காதே.

உன் மகள் சுகமாக இருக்கிறாள். அதை மட்டும் தைரியமாக எழுதலாம். மாரிசெல்வி என்று பெயர் வைத்திருக்கிறோம். நாலு பல் வந்துவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விட்டதும் பொத்தென்று உட்காருகிறாள். உட்கார்ந்துவிட்டு, நான்தான் தள்ளிவிட்ட மாதிரி என்னை முறைக்கிறாள். அந்த முறைப்பு உன்னுடையது. போன திங்கட்கிழமை நட்சத்திரப்படி ஒரு வயது முடிந்தது. கேக் வாங்கவில்லை, உன் பெண்டாட்டி கலைச்செல்வி வேண்டாம் என்றுவிட்டாள். திதிப்படி வருகிற வெள்ளிக்கிழமை உனக்குத் தலைத் திவசம். ஆறு உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சாமான் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து நீ வாசித்து முடிப்பதற்குள் கடைக்கார அண்ணாச்சி மற்ற நாலு பேருக்குச் சாமான் போட்டு அனுப்பிவிடுவார். அதனால் பெரிய எழுத்தாக, மெதுவாக எழுதுகிறேன்.

இன்றைக்குக் காலையில் உன் பட்டறைக் கூட்டாளி ஜீஷான் வந்தான். உன் பதினாறு கழிந்த பிறகு இப்போதுதான் நம் சந்துக்குள் கால் வைக்கிறான். பட்டறை வேலையை விட்டுவிட்டுத் தேவ்நார் பக்கம் போய்விட்டானாம். உன் தூண்டில் ராடைப் போட்டு வைக்கிற அந்த நீளப் பைப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அந்தப் பைப்பைப் பார்த்ததும் பழக்கத்தில், “லே, கொடியில இடிக்காம உள்ள கொண்டா” என்று வாயில் வந்துவிட்டது. அவன் அப்படியே நின்றுவிட்டான். “இல்லம்மா, இங்கயே நிக்கேன்” என்றான். “ஏம்ல, வாசல்ல நிக்க நீ என்ன கொரியர்காரனா?” என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றினான். இளைத்துப் போயிருக்கிறான்.

அன்றைக்கு நீ கொண்டுபோன பையை இவ்வளவு நாளும் அவன்தான் வைத்திருந்திருக்கிறான். அதில் இருந்ததுதான் இந்த நோட்டு. நீ மீன் பிடித்தால் எழுதி வைப்பாயே, அது. உன் எழுத்து எல்லாம் இங்கிலீஷ், எனக்குத் தெரியாது. நம்பர் மட்டும் தெரிகிறது. பாதி நோட்டு காலியாகக் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தீபாவளி போய்விட்டது. காலையில் பைப்புத் தண்ணீர் கையில் லேசாகக் குளிர்கிறது. இந்தக் குளிர் வந்தால் நீ வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்து, “அம்மா, ஆத்துல தண்ணி தெளிஞ்சிருக்கும்” என்பாய். தாராவிக் குழாயைத் தொட்டுப் பார்த்து வாங்கணி ஆற்றுக்கு ஜோசியம் சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான். மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் போக மாட்டாய். ஆறு கலங்கி ஓடும், விரால் குஞ்சோடு திரியும், அப்போது தூண்டில் போட்டால் பாவம் என்பாய். தீபாவளி முடிந்த மறு ஞாயிறு தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் விடியும் முன்னே எழுந்து, குர்லா போய் கர்ஜத் வண்டி ஏறி வாங்கணியில் இறங்குவாய். ஊரே லீவு என்று போர்த்திக் கிடக்கும், உனக்கு மட்டும் டூட்டி.

உன் துணியைத் துவைக்கப் போய் பேண்ட் பைக்குள் கையை விட்டு, நீ தூண்டிலில் இரைக்கு மாட்டுகிற ரப்பர் தவளையைப் பிடித்து நான் கத்தின கத்தலில் பக்கத்து ரூம் சாதியா கரண்டியோடு ஓடிவந்தாள், ஞாபகம் இருக்கிறதா? தவளையைப் பார்த்துவிட்டு அவளும் கத்தினாள். நீ படுத்துக்கொண்டே, “குளுர்ல மீனு சோம்பேறி ஆயிரும்மா. தவளைய அது மூக்குக்கு நேரா கொண்டுபோய் வச்சி, அதுக்கே கோவம் வாற வரைக்கும் இழுக்காம கெடக்கணும்” என்று பாடம் நடத்தினாய். எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது, மீனுக்கு ஏன் வராது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்றுதான். பிடித்த மீனை விட்டுவிட்டு வருவாய். ரயிலில் இரண்டு மணி நேரம் தொங்கிக்கொண்டு போய், வெயிலில் காய்ந்து, பிடித்து, கையை நனைத்துக்கொண்டு தூக்கி, ஸ்கேல் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விடுவாய். வாய் கிழியக் கூடாது என்று தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைப் பட்டறைக் குறடால் நசுக்கி வேறு வைப்பாய். வீட்டுக்கு வந்து போனைக் காட்டுவாய். “இந்தப் போட்டோவத்தான் கொளம்பு வைக்கவா? புளி எவ்வளவு கரைக்க?” என்று நான் ஏசுவேன். நீயும் கலைச்செல்வியும் சிரிப்பீர்கள். மீன் தின்கிற சாதியில் பிறந்து மீனை விட்டுவிட்டு வருகிற பிள்ளை எங்கேயாவது உண்டா என்று தெருவில் எல்லோரிடமும் சொல்வேன். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அதை உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

கலைச்செல்விக்கு வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அவள் சீத்தா கேம்பில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே வீட்டுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் ரூமுக்கே வந்தாள். தையல் போட்ட இடம் பழுத்துச் சீழ் கட்டியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். எனக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. விரால் சாறு கொடுத்தால் புண் மூன்றே நாளில் மூடும் என்று நான்தான் சொன்னேன். மார்க்கெட்டில் உயிர் விரால் தொட்டியில் கிடந்தது. “இது தீவனம் தின்னு வளந்த குளத்து மீனு, இதுல என்ன சத்து இருக்கு? ஆத்து விரால்தான் புண்ண ஆத்தும்” என்றதும் நான்தான். நீ முதலில், “மீனக் கொல்லவாம்மா சொல்லுதே?” என்று கேட்டாய். அப்புறம் அவள் வலியில் புரண்டு படுக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “சரி, ஒண்ணே ஒண்ணு” என்றாய்.

அவளுக்கு விரால் ஆகாது. பாம்புத் தலை மாதிரி இருக்கிறது என்று தட்டை நகர்த்திவிடுவாள். அதனால் நீயும் நானும் சேர்ந்து ஒரு திருட்டு வேலை செய்தோம். என்ன மீன் என்று சொல்லாமல், மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வடிகட்டி, ஆட்டுக்கால் சூப்பு என்று கொடுத்துவிடுவது. அதற்காக அவளிடம் எதுவும் சொல்லாமல், சும்மா போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாய்.

பிள்ளை பிறந்து பதினோராம் நாள். அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு வெளையாடப் போறீகளா? போங்க. போயி அங்கயே கெடங்க” என்றாள். நீ பைப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன். அப்போதே, “ஏட்டி, நாந்தான் அனுப்புதேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் மூன்றரைக்கு நான் போன் போட்டேன். பூண்டு உரித்துத் தயாராக வைத்துவிட்டேன். மாட்டியதா என்று கேட்டேன். “மாட்டிருச்சும்மா, நல்ல சைசு. கரை மரத்து வேர்ல கட்டித் தண்ணிக்குள்ள போட்டிருக்கேன், உசுரோட கொண்டு வாறேன்” என்றாய். எனக்கு உன்னை நம்ப முடியவில்லை. “இன்னைக்கும் மனசு எளகி விட்டுட்டேன்னு வந்து நின்னே, கதவத் தொறக்க மாட்டேன் பாத்துக்கோ” என்றேன். நீ சிரித்தாய். கூட ஜீஷானும் சிரித்தது கேட்டது. அதுதான் உன் குரலைக் கடைசியாகக் கேட்டது.

மறுநாள் காலையில் ஆற்றில் இரண்டு மைல் கீழே, வலை போடுகிறவர்கள் உன்னை எடுத்தார்கள்.

குளிக்க இறங்கினான், கால் வழுக்கிவிட்டது என்று ஜீஷான் போலீசிலும் சொன்னான், நம் வீட்டிலும் சொன்னான். அது ஒரு வார்த்தை போதும் கலைச்செல்விக்கு. அன்றிலிருந்து யார் துக்கம் கேட்க வந்தாலும், “ஆத்துல குளிக்கப் போனாக” என்று மட்டும் சொல்வாள். அழவே இல்லை. மாலை போட்ட உன் படத்தை நாற்பது நாள் கழித்து இறக்கிப் பெட்டிக்குள், துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். “எம் பிள்ளைக்கு அப்பா மொகம் தெரிய வேண்டாம். பெத்துப் போட்ட பதினோரு நாள்ல வெளையாடப் போன மனுசன்” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூலிக்கு வந்த ஜீன்ஸ் பேண்ட்டில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். பயம்தான். நான்தான் அனுப்பினேன் என்று தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். உன் அப்பாவும் போய், நீயும் போய், இந்த ரூமில் எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம். அதற்காக உன்னை ஏச்சு வாங்க விட்டேன். செத்தவனுக்கு ஏச்சு வலிக்காது என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

இன்றைக்கு ஜீஷான் என்ன சொன்னான் தெரியுமா? நீ குளிக்க இறங்கவே இல்லையாம்.

சாயங்காலம் ஆனால் அந்த ஆற்றில் தண்ணீர் ஏறும், மேலே எங்கேயோ அணையைத் திறந்துவிடுவார்கள், தினமும் நடப்பதுதான், உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியுமாம். நான் போன் வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஏற ஆரம்பித்திருக்கிறது. இரண்டு பேரும் சாமானை எடுத்துக்கொண்டு கரைக்கு மேலே வந்துவிட்டீர்கள். நீ பையைக் கட்டிவிட்டாய். செருப்பைக்கூடப் போட்டுவிட்டாயாம். அப்புறம் திரும்பிப் பார்த்தாயாம். விராலைக் கட்டின வேர் கீழே இருந்தது, தண்ணீர் அதற்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. “அரே, ஓ பந்தா ஹுவா ஹை” என்றாயாம். ஐயோ, அது கட்டிக் கிடக்கிறதே என்று. அவ்வளவுதான் சொன்னாய். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டாய்.

ஜீஷான் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தவளை டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். “நீங்க போன்ல சொன்னத நானும் கேட்டேம்மா. அதான் குளிக்கப் போனான்னு சொன்னேன். ஒங்களுக்கு இது தெரியக் கூடாதுன்னு. ஆனா என்னால ஒரு வேல பாக்க முடியல” என்றான். நான் அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். அவன் குடித்தான். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் பொருட்டு ஒரு பிள்ளை ஒரு வருஷம் பொய்யைச் சுமந்திருக்கிறான்.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு அவன் போய்ப் பார்த்திருக்கிறான். கயிறு வேரிலேயே இருந்ததாம். மறுமுனை அவிழ்ந்து கிடந்ததாம். மீன் இல்லை. அவிழ்த்தது நீயா, தண்ணீரின் இழுப்பா என்று தெரியவில்லை என்றான்.

போகும்போது நோட்டை விரித்து எனக்கு வாசித்துக் காட்டினான். தேதி, தண்ணீர் எப்படி, மீன் எத்தனை அங்குலம். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு சின்ன வட்டம். அது என்ன என்று கேட்டேன். விட்டாச்சு என்பதற்கு அடையாளமாம். ஆறு வருஷத்து நோட்டு, எல்லா வரியிலும் வட்டம். கடைசி வரி அந்த ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் குளிர்ச்சி, தெளிவு, விரால், இருபத்திரண்டு அங்குலம். வட்டம் இல்லை.

கலைச்செல்விக்குச் செம்பூர் மருந்துக்கடையில் ஞாயிறு அரை நாள் டூட்டி. இப்போது வந்துவிடுவாள். நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டும், வண்டு. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உன் அம்மா,
பேராச்சி.


தாராவி,
வியாழக்கிழமை, காலை.

என் வண்டு,

ரூமில் நான் மட்டும் இருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாய் வரவில்லை. திங்கட்கிழமை அவள் தலை சீவிக்கொண்டிருக்கும்போது, “ஏட்டி கலை” என்று ஆரம்பித்தேன். என்ன அத்தை என்றாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தீரவில்லை. அவளும் போய் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் மகள்தான் காரியத்தைக் கெடுத்தாள். கட்டிலுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த உன் பையை இழுத்து, அதற்குள் இருந்த ஒரு பச்சை ரப்பர் தவளையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதறாதே, அதில் முள் இல்லை. மற்றதெல்லாம் டப்பாவில் இருந்தது, இது ஒன்று மட்டும் தனியாக, ஒரு கைக்குட்டையில் சுற்றி இருந்தது. அன்றைக்குக் காலையில் ரயிலில் போகும்போதே இதன் முள்ளைப் பிடுங்கிவிட்டு, மகளுக்கு என்று நீ சுற்றி வைத்ததை ஜீஷான் சொல்லியிருந்தான்.

கலைச்செல்வி வேலை முடிந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். வெடுக்கென்று பிடுங்கினாள். “இந்தச் சனியன் எப்படி இங்க வந்துச்சு? அந்த மனுசன் புத்திதான் இதுக்கும்” என்று சொல்லி, வாசலுக்கு வெளியே சந்தில் எறிந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

“எறியாதட்டி, அது அவன் பிள்ளைக்கு வச்சிருந்தது” என்றேன். சொன்னதும் அடைப்பு எடுத்த மாதிரி மீதியும் வந்துவிட்டது. விரால் சாறு, ஆட்டுக்கால் சூப்பு என்ற பொய், நீ கண்ணடித்தது, நான் சிரிப்பை அடக்கினது, போனில் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது, ஜீஷான் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். பிள்ளை அழுகிறதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. “அப்போ அவுக எனக்காகவா போனாக?” என்றாள். ஆமாம் என்றேன். “நான் போயி அங்கயே கெடங்கன்னு சொன்னேனே அத்தை” என்றாள். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. “ஒரு வருசமா நான் அவுகள ஏச ஏச, நீங்க பக்கத்துல இருந்து நூலு வெட்டிக்கிட்டுத்தான இருந்தீக?” என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் வெளியே போனாள். சந்தில் குனிந்து தேடினாள். சாக்கடை ஓரம் கிடந்த தவளையை எடுத்துக் குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். துடைத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள். அப்போதுதான் அழுதாள், வண்டு. ஒரு வருஷத்து அழுகை. பக்கத்து ரூம் சாதியா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நேற்றுக் காலையில் அம்மா வீட்டுக்குப் போகப் பிள்ளையின் துணிகளை மடித்து வைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு என்ன வாய் இருக்கிறது தடுக்க? பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த உன் படத்தை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துணிகளுக்கு நடுவில் வைத்து, கண்ணாடி உடையாதபடி பிள்ளையின் தலையணையை மேலே வைத்துக் கட்டினாள். அந்தப் படம் போவதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. நீ அவளோடு போகிறாய். அது போதும்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்கு உன் இங்கிலீஷ் தெரியுமே. நான் ஞாயிற்றுக்கிழமை எழுதின பக்கத்தைத் திருப்பாமல், உன் வரிகளை முதலில் இருந்து வாசித்தாள். சில தேதிகளில் நின்று, “இது எங்க கல்யாணம் முடிஞ்ச மறு வாரம்” என்றாள். “அன்னைக்குத்தான் எனக்குக் காச்சல்னு பொய் சொல்லி நிப்பாட்டப் பாத்தேன்” என்றாள். லேசாகச் சிரித்தது மாதிரிகூட இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். வட்டம் இல்லாத இடத்தில் விரலை வைத்தாள்.

“அத்தை, அவுக எறங்குனது அத எடுத்துட்டு வரவா, அவுத்து விடவா?” என்று கேட்டாள்.

நான் தெரியாது என்றேன். “உள்ளதச் சொல்லுங்க. ஒங்க பிள்ளைய ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை, வண்டு. ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அதை ஒன்றைத்தான் யோசிக்கிறேன். நூல் வெட்டும்போது யோசிக்கிறேன். தண்ணீர் பிடிக்கும்போது யோசிக்கிறேன். தண்ணீர் ஏறும்போது ஒரு மீன் கயிற்றில் கட்டுண்டு கிடப்பதை உன்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அப்படிப் பார்த்தால் நீ விடத்தான் இறங்கினாய். ஆனால் பெண்டாட்டி புண்ணோடு கிடக்கிறாள், அம்மா கதவைத் திறக்க மாட்டேன் என்றிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் நீ எடுக்கத்தான் இறங்கினாய். விட இறங்கினாய் என்றால் அது உன் குணம், அதில் எனக்குப் பங்கில்லை என்று நினைத்து ஒரு வாய் சோறு தின்பேன். அரை மணி நேரம்தான். அப்புறம், அதை வேரில் கட்டினதே என் சொல்லுக்காகத்தானே என்று வந்து நிற்கும்.

நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல்படி இறங்கும்போது கலைச்செல்வி சொன்னாள். “நாளான்னைக்குத் திவசத்துக்கு வாறேன். நான் வராம அவுகளுக்குச் சோறு படைக்காதீக. ஆனா அப்புறம் அங்க இருக்கவா இங்க இருக்கவான்னு எங்கிட்ட இப்பக் கேக்காதீக” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். “இவ பெரியவளாகி, அப்பா எப்படிச் செத்தாகன்னு கேப்பா. நான் ஒண்ணு சொல்லியாகணும்லா. யோசிச்சி வைங்க” என்றாள். பிள்ளை அவள் தோளில் சாய்ந்துகொண்டு, தவளையை என்னிடம் நீட்டிக் காட்டிக்கொண்டே போனது. வளைவு திரும்புகிற வரைக்கும் நீட்டிய கையை மடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். ஜீஷானையும் வரச் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ராடை நேற்றுத்தான் மேலே ஆணியில் மாட்டினேன். எடுத்துக்கொண்டு போ என்று அவனிடம் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டான். நாளைக்கு இலையில் மீன் வைக்கவா, வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. நீ விரும்பித் தின்றதை வைக்க வேண்டும் என்பார்கள். நீ மீனைத் தின்றதைவிடப் பார்த்ததுதான் அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது. நீ வெறுங்கையோடு வந்திருந்தால் ஏசியிருப்பேன், ஏசிக்கொண்டே சோறு போட்டிருப்பேன். எத்தனை ஞாயிறு அப்படிப் போட்டிருக்கிறேன். இந்த ஒரு வருஷமாக விளக்கு வைக்கிற நேரத்தில் நம் கதவை நான் சாத்துவதே இல்லை. கொசு வருகிறது என்று கலைச்செல்வி சத்தம் போடுவாள். எனக்குக் கை வராது.

நீ இப்போது இருக்கிற இடத்தில் குளிர் அதிகமாக இருந்தால் போர்த்திக்கொள். காலை ஊன்றிப் பார்த்து வை. உன் மகளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு குறையும் வராமல் கூட நில். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் அன்றைக்குச் சொன்ன சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன்னை அனுப்பிவைத்த அம்மா,
பேராச்சி.

நோட்டை மூடப் போனேன். உன் கடைசி வரியைத் திரும்பப் பார்த்தேன். பேனா கையில்தான் இருக்கிறது. கலைச்செல்வி நாளைக்கு வந்து முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பாள். அதில் நான் ஒரு வட்டம் போடலாமா, வண்டு?